ஒலிக்குறியில் மறைந்த ‘நான்’: மிக்ஸ்டெக் மொழியின் இரு இலக்கண நூல்கள் குறித்து

எங்கள் கல்லூரியில் முதலாமாண்டு மாணவர்க்கு ஸர்ஃபுப் பாடம் தொடங்கும் நாட்களில் கரும்பலகையில் காஃப், தா, பா, தா என்னும் நான்கு எழுத்துகளை ஹரகத் இடாமல் எழுதி, ‘இதனைப் படியுங்கள்’ என்பேன். ஒருவர் ‘கதப்து’ என்பார். நான் எழுதினேன் என்பது பொருள். மற்றொருவர் ‘கதப்த’ என்பார். எதிரே நிற்கும் ஆண்மகனை நோக்கி, நீ எழுதினாய் என்பது. ‘கதப்தி’ என்றால் முன்னிலையில் ஒரு பெண். ‘கதபத்’ என்றால் அவள் எழுதினாள். நால்வர் படித்ததும் சரியே. எழுத்து ஒன்றுதான், எழுதியவர் யார் என்பதுதான் வேறுபடுகிறது. தன்மை, முன்னிலை, படர்க்கை ஆகிய மூன்று இடங்களும் ஒரு சிறு கோடு மேலே நிற்பதிலும் கீழே நிற்பதிலும் அடங்கிவிடுகின்றன. ஹரகத்தை நீக்கிவிட்டால் சொல் இருக்கும்; சொன்னவர் மறைந்துபோவார்.

இந்த எளிய உண்மையை நெடுங்காலம் அரபு மொழிக்கே உரிய தனித்தன்மை என்று எண்ணியிருந்தேன். மெக்சிகோ நாட்டின் தென்பகுதியிலுள்ள வஹாக்கா மாநிலத்து மலைகளில் வழங்கும் மொழிகளைப் பற்றிப் படித்தபோது அவ்வெண்ணம் மாறிற்று. அம்மொழிகளுள் ஒன்றான சாத்தினோவில், ஸான் ஹுவான் கியாஹிஹே என்னும் ஊரின் வழக்கில், ‘நான்’, ‘என்’ என்பதைக் காட்டத் தனி அசை எதுவும் சேர்வதில்லை. சொல்லின் உயிர் மூக்கொலி பெறும், அது ஒலிக்கும் உயரம் மாறும், அவ்வளவே. அம்மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட ஆய்வாளர் எமிலியானா குரூஸ் 2011ஆம் ஆண்டு அளித்த முனைவர் பட்ட ஆய்வேடு இதனை விரிவாக எடுத்துரைக்கிறது. ஒலியுயரத்தைக் குறிக்காமல் அம்மொழியை எழுதுவோமாயின், ஹரகத் இல்லாத நான்கு எழுத்துகளைப் போன்றே அதுவும் ஆகிவிடும்.

ஒரு மொழியின் இலக்கணத்தை எழுதப் புகுவோர் தம்முடன் எதைக் கொண்டு செல்கிறார்கள், அதனால் எதைக் காண்கிறார்கள், எதைக் காணத் தவறுகிறார்கள் என்பதே இக்கட்டுரையின் வினா. சாத்தினோவின் உறவுமொழியாகிய மிக்ஸ்டெக் பற்றிய இரு நூல்களை இதற்காக எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, டொமினிக்கன் துறவி அந்தோனியோ தெ லோஸ் ரேயெஸ் எழுதி 1593இல் மெக்சிகோ நகரில் அச்சான மிக்ஸ்டெக் இலக்கணம். மற்றொன்று, அமெரிக்க மொழியியலாளர் மோனிக்கா மெக்காலே எழுதி 1996இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட சல்காதோங்கோ மிக்ஸ்டெக் இலக்கணம். இரண்டுக்கும் இடையே 403 ஆண்டுகள்.

மழையின் மக்கள்

மிக்ஸ்டெக், ஸபோதெக், சாத்தினோ, மஸதெக், ஒட்டோமி முதலிய மொழிகள் ஓட்டோமாங்கியன் என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அமெரிக்கக் கண்டத்தின் தொன்மையான மொழிக்குடும்பங்களுள் இதுவும் ஒன்று. மொழிக்கு மொழி எவ்வளவு வேறுபட்டாலும், ஒலியின் உயர்வு தாழ்வால் பொருள் வேறுபடும் இயல்பு இக்குடும்பம் முழுவதற்கும் பொது. மெக்சிகோவின் 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மிக்ஸ்டெக் பேசுவோர் ஐந்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர். ‘மிக்ஸ்டெக்’ என்பது அயலாரான நாவாக்கள் இட்ட பெயர். மேகநாட்டார் என்று பொருள்படும். அவர்களோ தம்மை ‘ஞூ சாவி’ என்கின்றனர். மழையின் மக்கள் என்பது அதன் பொருள்.

மிக்ஸ்டெக் என்று ஒருமையில் சொன்னாலும் ஊருக்கு ஊர் அது மாறுகிறது. ஓர் ஊராரின் பேச்சு மலைக்கு அப்பாலுள்ள ஊராருக்கு விளங்காமற்போவதும் உண்டு. ரேயெஸ் எழுதியது தெபோஸ்கொலூலா ஊரின் வழக்கை. மெக்காலே எழுதியது சல்காதோங்கோவின் வழக்கை. இரண்டும் மிக்ஸ்டெக் மேட்டுநிலத்தைச் சேர்ந்தவையே எனினும் சொல்வடிவங்கள் ஒன்றல்ல.

கிரனாதாவிலிருந்து வஹாக்கா வரை

ரேயெஸ் நூலின் பின்னணியில் நம் வரலாற்றோடு தொடர்புடைய ஒரு செய்தி உண்டு. 1492 ஜனவரியில் கிரனாதா வீழ்ந்தது. அதே ஆண்டில் அந்தோனியோ தெ நெப்ரிஹா காஸ்டிலிய மொழியின் இலக்கணத்தை வெளியிட்டார். 1481இலேயே அவருடைய இலத்தீன் இலக்கணப் பாடநூல் வெளிவந்திருந்தது. ஸ்பானியப் பேரரசில் கல்வி கற்ற துறவியர் பலருக்கும் இலக்கணம் என்றால் அந்த நூல்தான். 1505இல், வீழ்ந்த அதே கிரனாதாவில், பெத்ரோ தெ அல்கலா என்னும் துறவி அங்கு மக்கள் பேசிய அரபு மொழிக்கு ஓர் இலக்கணமும் ஓர் அகராதியும் அச்சிட்டார். கிரனாதாவின் முதல் பேராயர் ஹெர்னாந்தோ தெ தலவேராவின் தூண்டுதலால் எழுந்த பணி அது. கிறிஸ்தவராக்கப்பட்ட முஸ்லிம்களிடம் போதனை செய்யவும், அவர்களுடைய பாவ அறிக்கையைக் கேட்கவும் பாதிரிமார்க்கு அம்மொழி தேவைப்பட்டது. அல்கலா அரபுச் சொற்களை இலத்தீன் எழுத்துகளில் எழுதினார். அவற்றை இலத்தீன் இலக்கணத்தின் அறைகளில் அடுக்கினார்.

ஓர் இலக்கணம், ஓர் அகராதி என்னும் இதே இரட்டை அமைப்பை, இதே நோக்கத்தோடு, 16ஆம் நூற்றாண்டு முழுவதும் மெக்சிகோவில் காண்கிறோம். மிக்ஸ்டெக்கிலும் ரேயெஸின் இலக்கணம் வெளியான 1593ஆம் ஆண்டிலேயே பிரான்சிஸ்கோ தெ அல்வராதோவின் அகராதியும் வெளிவந்தது. முத்துக்குளித்துறையில் ஹென்றிக் ஹென்றிகஸ் பாதிரியார் 1549 அளவில் தமிழுக்குப் போர்த்துக்கீச மொழியில் எழுதிய இலக்கணமும் இவ்வகையதே. அல்கலாவின் நூல் ரேயெஸின் கையில் இருந்தது என்று நான் வாதிடவில்லை. இருவரும் ஒரே பட்டறையின் கருவிகளைக் கையாண்டவர்கள் என்பதே நான் சொல்ல வருவது.

ஆயின் இக்குற்றத்தைப் பிறர்மீது மட்டும் சுமத்துவது நீதியாகாது. அபூ ஹய்யான் என்னும் பேரறிஞர் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கெய்ரோவில் இருந்துகொண்டு துருக்கிய மொழிக்கு ‘கிதாபுல் இத்ராக் லி லிஸானில் அத்ராக்’ என்னும் நூலை எழுதினார். அவரும் அரபு நஹ்வின் கலைச்சொற்களைக் கொண்டே துருக்கியை விளக்கினார். துருக்கியில் ஆண்பால் பெண்பால் என்ற பாகுபாடு கிடையாது; முதக்கர், முஅன்னஸ் என்று வகுத்துப் பழகிய சட்டகத்தில் அந்த இன்மையை எங்கே வைப்பது? அபூ ஹய்யானின் பெயரோடு ஒட்டி நிற்கும் சொல் ‘அல்-கர்னாத்தி’. அதாவது, அவரும் கிரனாதாவைச் சேர்ந்தவரே. தான் அறிந்த இலக்கணத்தால் பிற மொழியை அளப்பது மதம், இனம் கடந்த ஒரு பழக்கம்.

பெயர்த்தொடரும் இளாஃபத்தும்

இனி மொழிக்குள் செல்வோம். மிக்ஸ்டெக் மொழியைக் காக்க 1990களில் அம்மக்களே ஓர் அவையை நிறுவினர். அதன் பெயர் ‘வெஎ துஉன் சாவி’. உயிர்களுக்கு நடுவே ஒரு ஹம்ஸா ஒலிக்கும். ‘வெஃஎ’ என்று நம் மாணவர்கள் எளிதில் உச்சரிப்பார்கள். வெஎ என்றால் வீடு, துஉன் என்றால் சொல் அல்லது மொழி, சாவி என்றால் மழை. தமிழில் இதனை ‘மழைமொழியின் வீடு’ என்று முற்றிலும் தலைகீழாக மாற்றித்தான் சொல்ல முடியும். அரபில் ‘பைத்து லிஸானில் மதர்’ என்று ஒரு சொல்லையும் இடம் மாற்றாமல் பெயர்க்கலாம். உடைமைப் பொருள் முன்னே, உடையவர் பின்னே. முளாஃப் முன்னே, முளாஃப் இலைஹி பின்னே. இளாஃபத்தின் மேல் இளாஃபத்தாகத் தொடர் நீள்கிறது. அரபிலாவது பின்வரும் பெயர் ஜர் ஏற்று இறுதியில் கஸ்ரா பெறும். மிக்ஸ்டெக்கில் வேற்றுமை உருபு எதுவும் இல்லை. அடுத்தடுத்து நிற்பதே உறவைச் சொல்லிவிடுகிறது.

இலத்தீன் மாணவர்க்குப் பெயர்ச்சொல் என்றவுடன் நினைவுக்கு வருவது வேற்றுமை அட்டவணை. முதல் வேற்றுமை எது, உடைமை வேற்றுமை எது என்று அவர் தேடுவார். உருபே இல்லாத மொழியில் அந்தத் தேடல் வெற்று அறைகளைத்தான் தரும். மொழியின் உண்மையான உழைப்பு சொற்களின் வரிசையில் நடந்துகொண்டிருக்க, சொல்லின் வாலைப் பிடித்துப் பார்ப்பது பயனற்ற வேலை.

உடையவர் ஒரு ளமீராக (மாற்றுப்பெயராக) இருப்பின், மிக்ஸ்டெக்கிலும் அது பெயரோடு ஒட்டிக்கொள்கிறது. சல்காதோங்கோவில் வீடு ‘பெஎ’ என்று ஒலிக்கும். ‘பெஎ-ரி’ என் வீடு, ‘பெஎ-ரோ’ உன் வீடு, ‘பெஎ-தெ’ அவன் வீடு. இறுதியிலுள்ள தகரம் நம் ‘தால்’ போன்ற மெல்லொலி. ‘பைத்தீ, பைத்துக, பைத்துஹு’ என்று வாய்பாடு ஒப்பிக்கும் மாணவர் இதைக் கேட்டால் ளமீர் முத்தஸில் என்று உடனே சொல்லிவிடுவார்.

அவர் அவசரப்படக் கூடாத இடமும் இதுவே. ‘என் சிறிய வீடு’ என்று சொல்ல வேண்டுமாயின் அரபில் ‘பைத்தீ அஸ்ஸகீர்’ என்போம். ‘ஈ’ என்னும் ளமீர் வீட்டோடு ஒட்டும். சிஃபத் அதன்பின் வரும். முளாஃபுக்கும் முளாஃப் இலைஹிக்கும் இடையே சிஃபத் புகுவதை நஹ்வு அனுமதிக்காது. மிக்ஸ்டெக்கில் வரிசை ‘பெஎ லுலி-ரி’. வீடு, சிறிய, என். அடைமொழி வீட்டை ஒட்டி நிற்க, ‘ரி’ தொடரின் கடைசியில் வந்து அடைமொழியோடு ஒட்டுகிறது. வினையிலும் இதே நிலைதான். வினை முதலிலும், அதனைச் சிறப்பிக்கும் சொல் அடுத்தும், செய்தவரைக் குறிக்கும் ளமீர் இறுதியிலும் வரும். ஆகவே அந்த ளமீர் ஒரு சொல்லுக்கு உரிய ஒட்டு அன்று. ஒரு முழுத் தொடருக்கு உரிய ஒட்டு. ‘முத்தஸில்’ என்ற பெயரை அதற்குச் சூட்டினால் உருவம் பொருந்தும், செயல் பொருந்தாது. இந்த வேறுபாட்டைத் தெளிவுபடுத்துவதில்தான் மெக்காலேயின் நூல் தன் தகுதியை நிறுவுகிறது.

உறவுமொழியாகிய ஸபோதெக்கில் உடைமை இன்னும் ஆழமாகச் செல்கிறது. தெவாந்தபெக் பூசந்திப் பகுதியின் வழக்கில் பொதுவாக வீட்டுக்கு ‘யோ’ என்று பெயர். ஒருவருக்கு உரியதானவுடன் அச்சொல் மறைந்து ‘லிஜி’ என்ற வேறொரு சொல் வருகிறது. யாருக்கும் உரியதாகாத கட்டடமும் ஒருவரின் இல்லமும் அம்மொழிக்கு ஒரே பொருள் அல்ல. அகராதியில் ‘வீடு’ என்ற சொல்லுக்கு நேரே ஒரு சொல்லை மட்டும் எழுதி முடிப்பவர் பாதியைத்தான் எழுதியிருக்கிறார்.

மேசையின் முகமும் வீட்டின் முதுகும்

சல்காதோங்கோவில் ‘மேசையின் மேல்’ என்பதற்கு ‘நூ மேசா’ என்பர். ‘நூ’ என்றால் முகம். ஆக, மேசையின் முகம். மேசைக்கு அடியில் என்பதற்கு, மேசையின் வயிறு. மலையுச்சியில் என்பதற்கு, மலையின் தலை. வீட்டுக் கூரையின் மேல் என்பதற்கோ தலை என்று சொல்வதில்லை. விலங்கின் முதுகைக் குறிக்கும் ‘ஸிகி’ என்ற சொல்லை இட்டு, வீட்டின் முதுகு என்பர். நிமிர்ந்து நிற்கும் மலைக்கு மனித உடலும், கிடையாகப் படுத்த கூரைக்கு விலங்கின் உடலும் அளவுகோலாகின்றன. இச்செய்தி 1980களில் மொழியியலாளரிடையே பெரிதும் பேசப்பட்டது.

இலத்தீன் அறிந்தவர் கண்ணில் இவை ‘முன்னிடைச் சொற்கள்’. அப்படி எழுதிவிட்டால் மேசைக்கும் முகத்திற்குமுள்ள தொடர்பு அறுந்துபோகிறது. நஹ்வு அறிந்தவரோ இவ்விடத்தில் நற்பேறு உடையவர். ‘ஃபவ்க’, ‘தஹ்த’, ‘அமாம’ ஆகியவற்றை நம் இலக்கணிகள் ஹர்ஃபுகள் என்று தள்ளிவிடவில்லை. அவை இஸ்ம்கள், ளர்ஃபு என்னும் பணி ஏற்று முளாஃபாக நிற்பவை என்று வகுத்தார்கள். ‘பைன யதைஹி’ என்று இரு கைகளுக்கு நடுவே எனச் சொல்லி, முன்னால் என்று பொருள் கொள்ளும் மொழி அல்லவா நம்முடையது! மிக்ஸ்டெக்கின் முகமும் வயிறும் முதுகும் முளாஃப்களே. பெயர்த்தொடரின் அதே விதிதான் இங்கும் ஆள்கிறது. புதிய சொல்வகை ஒன்றை உண்டாக்கத் தேவையில்லை. கொண்டுசெல்லும் சட்டகம் எப்போதும் கண்ணை மறைப்பதில்லை. சில வேளைகளில் திறக்கவும் செய்கிறது. எப்போது திறக்கிறது, எப்போது மறைக்கிறது என்று ஒவ்வோரிடத்திலும் சோதித்துக்கொள்வதே ஆய்வாளரின் கடமை.

பத்து ளமீர்கள்

அரபு வினையின் 14 ஸீகாக்களை மனனம் செய்யாமல் எவரும் நம் மதரஸாக்களிலிருந்து வெளியேறுவதில்லை. ஒருமை, இருமை, பன்மை என்ற எண்ணும், ஆண் பெண் என்ற பாலும் அந்த அட்டவணையின் நெடுவரிசைகள். கலீஃபாவை நோக்கினாலும் ஏவலாளை நோக்கினாலும் ‘அன்த’ ஒன்றே. அரபு ளமீர் எண்ணுகிறது. மனிதரை உயர்த்துவதும் தாழ்த்துவதும் அதன் இயல்பான வேலை அன்று.

சல்காதோங்கோவின் ஒட்டுகள் பத்து. தன்மைக்கு ‘ரி’ என்பதும், பெரியோர் முன் பணிந்து பேசுகையில் ‘நா’ என்பதும். முன்னிலைக்கு ‘ரோ’ என்பதும், மதிப்பிற்குரியவரிடம் ‘நி’ என்பதும். பேசுவோரையும் கேட்போரையும் உள்ளடக்கும் ‘நாம்’ என்பதற்கு ஒன்று. படர்க்கைக்கு ஐந்து: ஆணுக்கு ‘தெ’, பெண்ணுக்கு ‘ஞா’, முதியோர்க்கும் மதிப்பிற்குரியோர்க்கும் ‘தோ’, விலங்குக்கு ‘தி’, தெய்வத்தன்மை உடையோர்க்கு ‘யா’. படர்க்கை ளமீர் எண்ணிக்கையால் மாறுவதில்லை. பன்மையைக் காட்ட வேண்டுமாயின் வினையின் முன்னே ‘க’ என்னும் ஒட்டு சேரும். ‘கதபூ’ என்பதில் பன்மையைக் காட்டும் வாவே ளமீராகவும் இருப்பதைக் கற்ற நமக்கு இது விந்தையாகத் தோன்றும்.

நம் இலக்கணிகள் படர்க்கைக்கு இட்ட பெயர் ‘காயிப்’. கண்முன் இல்லாதவர் என்பது பொருள். மிக்ஸ்டெக்கில் ஒருவர் வெறுமனே ‘இல்லாதவர்’ ஆக இருக்க முடியாது. இல்லாதபோதும் அவர் ஆணா பெண்ணா, முதியவரா, விலங்கா, தெய்வமா என்பதைப் பேசுபவர் சொல்லியே ஆக வேண்டும். ‘வந்தது யார் என்று தெரியாது’ என்று நழுவ அம்மொழி எளிதில் இடம் தராது.

இந்த ஒட்டுகளின் பிறப்பும் பெயர்த்தொடரோடு பிணைந்ததே. விலங்கு என்று பொருள்படும் முழுச்சொல் தேய்ந்து ‘தி’ ஆயிற்று. தலைவன் என்று பொருள்படும் ‘இயா’ என்ற சொல்லோடு ‘யா’ தொடர்புடையது. மரத்திற்கும் நீர்மப் பொருளுக்கும் தனி ஒட்டு வைத்திருக்கும் ஊர்களும் உண்டு. அவையும் மரம், நீர் என்னும் பெயர்களின் தேய்வே. பெயர், வகைப்பெயராகி, பின் ளமீராகிறது. பெயர்த்தொடரை ஓர் அத்தியாயத்திலும் ளமீரை மற்றோர் அத்தியாயத்திலும் வைத்துப் பிரிக்கும் இலக்கணம் இந்தப் பயணத்தைக் காட்டாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. ‘நா’ என்றால் நான், ‘நி’ என்றால் நீங்கள் என்பதைக் கண்டதும், தமிழின் ‘நான்’, ‘நீ’ ஆகியவற்றோடு உறவு கற்பித்துக் கட்டுரை எழுதும் ஆர்வம் நம்மில் சிலருக்கு எழக்கூடும். மரியாதைக்குரிய முன்னிலையான ‘நி’ தமிழில் மரியாதை குறைந்த ‘நீ’யோடு ஒலிக்கிறது என்பது தவிர இதில் வேறெதுவும் இல்லை. ஓரிரு ஒலிகளின் தற்செயல் ஒற்றுமை மொழியுறவுக்குச் சான்றாகாது. முறையான ஒலிமாற்றங்கள் நூற்றுக்கணக்கான சொற்களில் பொருந்தினாலன்றி அத்தகைய முடிவுக்கு வருவது கல்விக்கு இழுக்கு.

இறைவனைச் சுட்டும் சொல்

டொமினிக்கன் துறவியர் மிக்ஸ்டெக் கற்றது பொழுதுபோக்கிற்காக அன்று. 1567, 1568ஆம் ஆண்டுகளிலேயே பெனிட்டோ ஹெர்னாந்தெஸ் என்பவரின் மிக்ஸ்டெக் வேதபோதக நூல் வெளிவந்துவிட்டது. போதிப்பவர் கடவுளைப் பற்றி ஒரு வாக்கியம் பேசினால் இரண்டாம் வாக்கியத்தில் ஒரு ளமீர் வேண்டும். ஸ்பானிய மொழியில் ‘அவர்’ என்பதற்கு ஒரே சொல். மிக்ஸ்டெக்கில் ஆண்மகனைக் குறிக்கும் ஒட்டா, தலைவரையும் தெய்வத்தையும் குறிக்கும் ஒட்டா என்று தேர்ந்தே ஆக வேண்டும். தேர்வு இரண்டாவதன்மேல் சென்றது. தலைவர்க்கும் பழந்தெய்வங்களுக்கும் வழங்கிய ளமீர் புதிய சமயத்தின் கடவுளுக்கும், பின்னர் புனிதர்களுக்கும் உரியதாயிற்று. இன்றைய வழக்கில் அது தெய்வத்தன்மை உடையோர்க்கு உரிய ஒட்டாக நிற்கிறது.

படைத்தவனும் படைக்கப்பட்டோரும் ஒரே ளமீரின் கீழ் வருவதைத் தவ்ஹீதை உயிராகக் கொண்ட வாசகர் கவனியாமல் இருக்க முடியாது. ஆயினும் இதற்காக அம்மொழியைக் குறைகூறுவது பிழை. அரபில் ‘ஹுவ’ என்ற ஒரே ளமீர் இறைவனையும் குறிக்கிறது, மனிதனையும் குறிக்கிறது, ஆண்பாலாகக் கருதப்படும் கல்லையும் மண்ணையும் குறிக்கிறது. ளமீர் ஒன்றாவதால் அகீதா ஒன்றாகிவிடுவதில்லை.

தமிழ் பேசும் நாம் இதே குறுக்குச் சந்தியில் நின்றிருக்கிறோம். தமிழில் உயர்வு காட்ட ‘அவர்’ உண்டு. மேலும் உயர்வு காட்ட ‘அவர்கள்’ உண்டு. தமிழ் முஸ்லிம்கள் நபி (ஸல்) அவர்களையும் நபித்தோழர்களையும் ‘அவர்கள்’ என்றே குறிப்பர். அல்லாஹ்வையோ ‘அவன்’ என்பர். பிற சமயத்து நண்பர் ஒருவர், ‘இறைவனுக்கு மரியாதை குறைவாகத் தோன்றவில்லையா?’ என்று என்னிடம் ஒருமுறை வினவினார். ரகர ஈறு உயர்வைக் குறிக்க வந்ததாயினும் பன்மையிலிருந்து பிறந்தது. ஏகனுக்குப் பன்மையின் நிழலும் வேண்டாம் என்ற பேணுதல் மரியாதையின் படிக்கட்டை வென்றது என்று விடை சொன்னேன். மிக்ஸ்டெக்கின் போதகர்கள் படிக்கட்டின் உச்சியைத் தேர்ந்தனர். நம் முன்னோர் படிக்கட்டிலிருந்தே இறங்கி நின்றனர். மொழி ஒரு முடிவைத் திணிப்பதில்லை. ஆனால் தேர்ந்தாக வேண்டும் என்ற கட்டாயத்தைத் திணிக்கிறது.

தன்மைப் பன்மையிலும் அவ்வாறே. ‘நஹ்னு’ என்னும் அரபுச் சொல்லில் கேட்பவர் உள்ளே இருக்கிறாரா வெளியே இருக்கிறாரா என்பது தெரியாது. தமிழில் நாம், நாங்கள் என இரண்டு. பூசந்தி ஸபோதெக்கிலும் ‘நு’, ‘து’ என இரண்டு. இறைவனிடம் கையேந்தும் இடத்தில் தமிழாக்குவோர் ‘நாங்கள்’, ‘எங்களை’ என்று எழுதுவது தற்செயல் அன்று. அழைக்கப்படுபவனை அழைப்போர் கூட்டத்தில் சேர்க்க முடியாது. மூலத்தில் இல்லாத ஒரு வேறுபாட்டை மொழிபெயர்ப்பாளர் தம் பொறுப்பில் எழுத நேர்கிறது. அப்பொறுப்பு தமக்கு இருப்பதையே அறியாதவர் பிழை செய்வார்.

இரு நூல்களின் தகுதி

ரேயெஸின் நூல்மீது நான் வைக்கும் குறைகள் இரண்டு. முதலாவது, பெயர், ளமீர், வினை என்று அத்தியாயங்களை இலத்தீன் மரபுப்படி அடுக்கியதால், மேலே கண்ட தொடரமைப்பின் ஒருமை சிதறிவிடுகிறது. இரண்டாவது, ஒலியுயரம் முறையாக எழுதப்படவில்லை. மிக்ஸ்டெக்கின் ஒலியுயரங்களை முறைப்படி விளக்கும் முயற்சி 20ஆம் நூற்றாண்டில் கென்னத் பைக் போன்றோர் வரும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. தமிழெழுத்தில் நான் இங்கு எழுதிய வடிவங்களும் ஹரகத் இல்லாத எழுத்துகளே. அக்குறைக்கு நானும் விலக்கல்லன்.

எனினும் ரேயெஸைப் பயனற்றவர் என்று ஒதுக்குவது நன்றி மறத்தலாகும். ஊர்வழக்குகள் வேறுபடுவதை அவர் பதிவு செய்தார். தாழ்ந்தோர் உயர்ந்தோரிடம் பேசுகையில் தம்மைக் குறிக்க வழங்கிய தனிச்சொல்லைக் குறித்து வைத்தார். தலைவர்களின் உடலுறுப்புகளுக்கும் செயல்களுக்கும் வழங்கிய மரியாதைச் சொற்களையும், உறவுமுறைப் பெயர்களையும் தொகுத்தார். அரசுகள் மறைந்து, அவ்வழக்கு அருகிய பின் அதனை அறிய அவருடைய நூலே முதன்மையான வாயில். இலத்தீன் சட்டகத்தில் அடங்காத செய்திகளை அவர் தூக்கி எறியவில்லை. நூலில் தனியாக இடம் கொடுத்து வைத்தார். சட்டகத்தை மீறி அவர் செய்த இப்பதிவே நூலின் சிறந்த பகுதி என்பது என் மதிப்பீடு.

மெக்காலேயின் நூல் மொழியின் அமைப்பை அதன் உள்ளிருந்தே காண முயல்கிறது. ஒட்டு எங்கே நிற்கிறது, ஏன் அங்கே நிற்கிறது, முழு ளமீர் எப்போது வருகிறது என்பவற்றில் அது தரும் தெளிவை ரேயெஸிடம் எதிர்பார்க்க முடியாது. ஆனால் ‘நா’ என்று பணிந்து பேசுவது யார், யாரிடம், எந்த வயதில், எந்தச் சினத்தில் அதைக் கைவிட்டு ‘ரி’ என்பார் என்னும் வினாக்களுக்கு அமைப்பிலக்கணம் விரிவாக விடை தருவதில்லை. மரியாதை ஓர் இலக்கணக்கூறு என்று சொல்லிவிட்டு, அம்மரியாதையின் வாழ்க்கையைச் சொல்லாமல் விடுவது கட்டடத்தை வரைந்து இல்லத்தை விட்டுவிடுவதாகும். ஸபோதெக்கார் ‘யோ’ என்றும் ‘லிஜி’ என்றும் பிரித்தது நினைவுக்கு வருகிறது.

இக்குறையை நிரப்ப வல்லவர்கள் அம்மொழியில் பிறந்தவர்களே. 2003இல் மெக்சிகோ இயற்றிய மொழியுரிமைச் சட்டம் பூர்வகுடி மொழிகளை நாட்டின் தேசிய மொழிகளாக ஏற்றுக்கொண்டது. அதன்பின் தாய்மொழியாளரே ஆய்வாளராகும் நிலை வளர்ந்திருக்கிறது. பாவ அறிக்கை கேட்க வந்தவரும் பட்டம் பெற வந்தவரும் எழுதிய இலக்கணங்களோடு, தன் தாயிடம் எந்த ‘நான்’ சொல்ல வேண்டும் என்று அடிவாங்கிக் கற்றவர் எழுதும் இலக்கணமும் சேரும்போதுதான் அம்மொழி முழுமையாக எழுதப்பட்டதாகும்.

நம் அரபுக் கல்லூரிகளுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. நஹ்வை ஆழக் கற்கும் நம் மாணவர் பலர் தமிழ் இலக்கணத்தைத் தொடுவதில்லை. பின்னர் தமிழில் மொழிபெயர்க்கும்போது இஸ்ம், ஃபிஃல், ஹர்ஃபு என்னும் அறைகளுக்குள் தமிழை நெருக்குகிறார்கள். அரபு வாக்கியம் தமிழ்ச் சொற்களை உடுத்திக்கொண்டு வருகிறது. அல்கலா கிரனாதாவின் அரபுக்குச் செய்ததை நாம் நம் வீட்டு மொழிக்குச் செய்துகொண்டிருக்கிறோம். காஃபியாவும் அல்ஃபிய்யாவும் ஓதும் வகுப்பிலேயே நன்னூலும் ஓதப்படுமாயின், அவன், அவர், நாம், நாங்கள் என்று எழுதும் ஒவ்வோரிடத்திலும் தாம் ஒரு தேர்வைச் செய்வதை அம்மாணவர்கள் அறிந்து எழுதுவார்கள்.